கதவு இல்லாத உடம்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் விருத்தாசலத்தில் இந்த மையத்தின் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏற மனம் வரவில்லை. ரத்தம் எடுப்பது, கிட்டில் சொட்டு விடுவது, முடிவு எழுதுவது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நம் மேசைக்கு முன்னால் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டால், எந்த உண்மையை முதலில் சொல்வது?

என்னைப் பற்றிக் கொஞ்சம். செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அப்பா களிமண் லோடு இறக்குவார். அம்மா ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்க்கிறார். அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கட்டையின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பதுதான் அந்த வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எம்.எஸ்சி. வரை போய்விட்டேன். கடைசி வருடம் ஒரு ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யின் உறைப் புரதத்தைப் பற்றி ஒரு சின்ன வேலை செய்தேன். ஊருக்கு வந்தபோது அப்பா கேட்டார், "என்னாத்தடா படிக்கிற?" "வைரஸோட மேல்தோலுப்பா" என்றேன். "அதுக்குத் தோலு வேற இருக்குதா?" என்று சிரித்தார். ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. லேப் டெக்னீசியன் படிப்பையும் முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

இங்கே நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், இரண்டே பேர். ரத்தப் பரிசோதனை என் வேலை. பேசுவது, தைரியம் சொல்வது, ஆணுறை எப்படிப் போடுவது என்று காட்டுவது, அழுகிறவரை அழவிட்டுக் காத்திருப்பது எல்லாம் ஆலோசகர் அக்காவின் வேலை. அக்கா என் படிப்பைக் கேலி செய்து என்னை "எம்மெஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார். "எம்மெஸ்ஸி, நீ கையால வேல செய். வாயால செய்யறதை நான் பாத்துக்கறேன்."

வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மதியம் ஃபியூஸ் போனது. கம்பி மட்டும் போயிருந்தால் கட்டிவிடலாம். கட்டையே வெடித்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்குள் பரிசோதனைக் கிட்டுகள். வெயிலோ விருத்தாசலத்து வெயில். ஓடிப்போய் அம்மாவின் கம்பெனி வாசலில் நின்று, கழித்துப் போட்ட செகண்ட்ஸ் கட்டைகளில் ஒன்றுக்குப் பித்தளை பொருத்தி வாங்கி வந்தேன். எங்கள் சுவரில் கட்டை போய் உட்காரும் பேஸ் வேறு கம்பெனியுடையது. பொருந்தாது என்றுதான் நினைத்தேன். அழுத்தினேன். 'டக்'கென்று உட்கார்ந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் உறுமியது. இன்றைக்கும் அந்தக் கட்டைதான் சுவரில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆட்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் சரசு என்று வைத்துக்கொள்வோம். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து எஸ்டேட்டில் ஃபினிஷிங் வேலை பார்ப்பவர். அவர் கணவர் அதே கம்பெனியில் சூளை ஆள். கணவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. சரசுவுக்கு இல்லை. அப்போதெல்லாம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் கூட்டு மருந்து தொடங்குவார்கள். கணவருக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை. அதனால் மருந்து இல்லை. இருவருக்கும் நடுவே இருந்த ஒரே பாதுகாப்பு ஆணுறை. குழந்தை இல்லை. நோய் விஷயம் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மாமியார் குழந்தை இல்லாத குறையைச் சரசுவின் தலையில்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

மாசிமகம் நெருங்கிய வாரம். ஊரே கால் வைக்க இடமில்லாமல் இருந்தது. பழமலைநாதர் கோயில் பக்கமிருந்து மேளமும் ஒலிபெருக்கியும் ஓயவில்லை. அக்கா கடலூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். மையத்தில் நான் மட்டும்.

சரசு வந்தார். கை நிறையப் புது வளையல், தலை நிறையப் பூ. உட்காராமலே பேசினார்.

"சார், ஒரு டெஸ்ட்டு எடுக்கணும். சீக்கிரம் எடுங்க. மாமியா வெளிய பொரி வாங்கினு நிக்குது. ரத்தசோகைக்குப் பாக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"எடுக்கலாங்க. போன தடவை எடுத்து இன்னும் ஆறு மாசம் ஆகலையே?"

"அந்த டெஸ்ட்டு இல்ல சார். கதவு டெஸ்ட்டு."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. போன மாதக் கூட்டத்தில், அதாவது நம்மிடம் வருகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், யாரோ ஒருவர் செய்தித்தாள் துண்டு ஒன்றை வாசித்திருக்கிறார். வெளிநாட்டில் ஒரு நோயாளிக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்களாம். மஜ்ஜை கொடுத்தவர் பிறவியிலேயே ஒரு கதவு இல்லாதவராம். அந்தக் கதவு இல்லாவிட்டால் வைரஸ் அணுவுக்குள் நுழைய முடியாதாம். நோயாளி குணமாகிவிட்டாராம். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்ட சரசுவின் கணவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். இருவரும் செராமிக் ஆட்கள். கதவு, பூட்டு என்பதெல்லாம் அவர்கள் கைக்குள் வந்ததும் ஃபியூஸாக மாறிவிட்டது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க சார். கண்ணாலம் ஆன புதுசுல அவருக்கு இது இருக்குதுன்னே தெரியாது. எதுவும் போடாமத்தான குடும்பம் நடத்துனோம்? எனக்கு வந்துச்சா? வரல. ஏன் வரல? பேஸ்ல கிளிப் இல்லைன்னா கட்டை எப்பிடி உக்காரும்? எனக்கு அந்தக் கிளிப் இல்ல. நீங்களும் செராமிக் வூட்டுப் புள்ளதான, நீங்களே சொல்லுங்க."

அவர் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் உடனே கண்ணில் படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இப்ப எதுக்கு அந்த டெஸ்ட்டு?"

"எதுக்கா? புள்ள பெத்துக்கத்தான் சார். மகத்தன்னிக்குக் கோயில்ல தொட்டில் கட்டறதா மாமியா வேண்டியிருக்குது. தொட்டில் கட்டிட்டு வூட்டுக்குப் போயி அந்த ஒறையை எடுத்து வெச்சுட வேண்டியதுதான்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "எடுத்து வெக்கறது என்னா. போன வாரமே ஒரு தடவை அது இல்லாமத்தான்."

போன வாரம். மனசு வேகமாகக் கணக்குப் போட்டது. அவசரமாக மருந்து கொடுத்துத் தடுக்கும் காலம் தாண்டிவிட்டது. இன்றைக்குப் பரிசோதனை செய்தாலும் பயனில்லை. இன்றைய 'இல்லை' என்பது போன வாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெளியே மாமியார். இன்னும் சில நாளில் தொட்டில். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு 'போன வாரம்'.

"ஒரு நிமிசம் இருங்க" என்று வராந்தாவுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு காதில் மேளம், ஒரு காதில் அக்கா. முழுவதையும் கேட்டார்.

"எம்மெஸ்ஸி, நீ ஒண்ணும் வெளக்கம் குடுக்காத. ரத்தம் எடு. உள்ள போயிட்டு வா. டெஸ்ட்டு பாத்தாச்சு, ஒனக்குக் கதவு நல்லா பெரிசா இருக்குதும்மான்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு."

"அப்பிடி ஒரு டெஸ்ட்டே நம்மகிட்ட இல்லியேக்கா."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? அவ உசுரு முக்கியமா, ஒன் வாய்மை முக்கியமா? நாளைக்கு அவ கிட்டுல, நோய் இருக்குதுன்னு காட்டற ரெண்டாவது புள்ளி வந்துச்சுன்னா நீதாண்டா அதைப் பாக்கணும்."

போனை வைத்துவிட்டு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அக்கா சொன்னதில் அன்பு இருந்தது. ஒரு பொய், ஒரு உயிர். எடை போட்டால் எது கனம் என்று குழந்தைக்கும் தெரியும். ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில் கூவியது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

பொய் சொல்லவில்லை. அது நேர்மையால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் யோசித்தது வேறு. இன்றைக்குச் சரசுவுக்குக் கதவு டெஸ்ட் எடுத்தால் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கதவு டெஸ்ட் கேட்பார்கள். எல்லோருக்கும் 'இருக்குது' என்றே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சரசு வேறொரு லேபில் போய் இதே டெஸ்ட்டைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு நாங்கள் இதுவரை சொன்னது அத்தனையும் போய்விடும், ஆணுறை உட்பட. நம் கையில் மருந்து இல்லாத நேரத்தில் நம்மிடம் இருப்பது நம் சொல் ஒன்றுதான்.

சரி, உண்மையைச் சொல்வது. எந்த உண்மையை?

எனக்குத் தெரிந்த உண்மைகள் இவை. எச்.ஐ.வி.யின் உறை முதலில் அணுவின் மேலுள்ள சி.டி.4-ஐப் பிடிக்கும். பிடித்ததும் உறை வடிவம் மாறி, இரண்டாவதாக இன்னொன்றைத் தேடும். பெரும்பாலும் அது சி.சி.ஆர்.5. பத்திரிகை சொன்ன கதவு அதுதான். அது பிறவியிலேயே இல்லாதவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் நம் நாட்டில் அப்படிப்பட்டவர் மிக மிக அபூர்வம். அடுத்தது, வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது ஓயாமல் தப்புச் செய்யும். தப்பான நகல்களில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாமல் அழியும். ஆனால் உறையில், மூன்றாவது வளைவு என்று சொல்லும் இடத்தில், ஓரிரு அமினோ அமிலங்கள் மாறி நேர்மின்னூட்டம் கூடிவிட்டால், அந்த நகல் சி.சி.ஆர்.5-ஐ விட்டுவிட்டு சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறொரு கதவைப் பிடிக்க ஆரம்பிக்கலாம். சில நகல்கள் இரண்டையும் பிடிக்கும். அப்படி மாறிய வைரஸுக்கு முதல் கதவு இல்லாத உடம்பும் முழுப் பாதுகாப்பு இல்லை.

இதில் ஒரு சிக்கல். நம் பக்கத்தில் பரவலாக உள்ள சி வகை வைரஸ் அப்படி மாறுவது குறைவு. பெரும்பாலும் முதல் கதவையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் ஆய்வகத்தில் அந்த மாற்றத்தைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். சரசுவிடம் இதை முதலில் சொன்னால் என்ன ஆகும்? 'கொறைவுதான சார்' என்று எழுந்து போய்விடுவார். சொல்லாமல் விட்டால்? பாதி உண்மையைச் சொல்லி முழுப் பயத்தை வாங்கும் வியாபாரம். ஆகவே எல்லாவற்றையும் சொல்வது, ஆனால் எந்த வரிசையில் என்பதை நான் முடிவு செய்வது. அந்த வரிசையைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

உள்ளே போனேன். சரசு எழுந்து நின்றிருந்தார்.

"சரசு, ஒக்காருங்க. அந்த டெஸ்ட்டு எங்ககிட்ட இல்ல. ஒங்களுக்குக் கதவு இருக்குதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. நம்ம ஊரு மனுசங்களுக்கு அது இல்லாம இருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஒங்களுக்கு இருக்குதுன்னு வெச்சுக்கறதுதான் நியாயம். இல்லைன்னாலும் வைரஸு சில சமயம் மாறி வேற கதவு வழியா நொழையும்."

"அப்ப ஏன் வரல?"

"ஒவ்வொரு தடவையும் வரணும்னு இல்லீங்க. வராமப் போனதும் உண்டு. வந்ததும் உண்டு. அதே மாதிரி இருந்தவங்களுக்கு நானே சொட்டு விட்டுப் பாத்திருக்கேன்."

"சாமியா பாத்துக் குடுத்துதுன்னு சொல்றீங்க."

"எப்பிடி வேணா சொல்லிக்கலாம். ஆனா திரும்பத் திரும்பப் போயிக் கேக்கக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. வளையலைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் கணவரை அழைத்து வரச் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"வேணாம் சார். அவரைக் கூப்புடாதீங்க. அவருக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து என்னைத் தொடவே பயப்புடுவாரு. தான் தண்ணி குடிச்ச சொம்பைக்கூட ஓரமா வெப்பாரு, என்னால ஒனக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னு. இந்தப் பேப்பர் சேதி கேட்டதுக்கு அப்பறம்தான் மனுசன் சிரிச்சுப் பேசறாரு. நீங்க கூப்ட்டு அதையும் கெடுத்துப்புடாதீங்க."

"கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் திரும்பச் சொன்னேன். வெளியிலிருந்து மாமியார் குரல்: "ஏய், ரத்தம் எடுக்கறானா, மொத்தமா உறியறானா?" சரசு போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் வருவார்களா என்று வாசலையே பார்த்தேன். கம்பெனிக்குப் போய்ப் பார்க்கலாம்தான். அம்மாவைப் பார்க்கிற சாக்கில் தினமும் போகலாம். ஆனால் நம்பிக்கை மையத்து ஆள் சூளை வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினால், மாலைக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். புதியவர்கள் இதை மறக்கக் கூடாது. நம் முகமே ஒரு பரிசோதனை முடிவு. யார் பக்கத்தில் போய் நிற்கிறோமோ அவருக்கு அது எழுதப்பட்டுவிடும். காத்திருப்பது வேலை செய்யாமல் இருப்பது போலத் தோன்றும். சில நேரம் அதுதான் வேலை.

மகத்தன்று வந்தார்கள். கணவர் புது மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். சரசு அவருக்குப் பின்னால். கையில் மஞ்சள் துணியில் கட்டிய சின்ன மரத்தொட்டில். மாமியார் வெளியே வேப்ப மரத்தடியில். அக்கா திரும்பி வந்திருந்தார். என்னைப் பார்த்த பார்வையில் 'வெளக்கம் குடுக்கற ஆளு, குடு பாக்கலாம்' என்று எழுதியிருந்தது.

கணவர் கேட்ட முதல் கேள்வியே, "என்னா சார், ஏதோ வேற கதவுன்னீங்களாம்?"

"வைரஸு மாறும்ணே. மாறிச்சுன்னா வேற வழியா நொழையும்."

"அதெப்பிடி? ஒரு பேஸுக்குச் செஞ்ச கட்டை அந்தப் பேஸுலதான உக்காரும்?"

எனக்குச் சட்டென்று சுவர் ஞாபகம் வந்தது. ஃபியூஸ் போர்டைக் காட்டினேன். சூளை ஆளின் கண் அல்லவா, கிட்டப் போகாமலே கண்டுபிடித்துவிட்டார்.

"இது நம்ம கம்பெனிக் கட்டை. பேஸு நம்மளுது இல்லியே. எப்பிடி உக்காந்துச்சு? புடுங்கிப் பாக்கட்டா?"

"புடுங்காதீங்கண்ணே, ஃப்ரிட்ஜு ஓடுது. இது ஒங்க செகண்ட்ஸ்ல எடுத்தது. எப்பிடி உக்காந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் போர்டையே பார்த்தார். "தீ கொஞ்சம் தூக்கலா போச்சுன்னா கட்டை ஒரு நூலு சுருங்கும். நம்ம பேஸுல லூசா ஆடும். கழிச்சுடுவோம். ஆனா சுருங்குனது வேற கம்பெனி பேஸுக்குச் சரியா போயிடும். அதுக்குன்னே வந்து பொறுக்கினு போறவங்க இருக்காங்க."

"அவ்ளோதாண்ணே. வைரஸும் அச்சுல போட்டுத் தள்ளிக்கிட்டே இருக்குது. தப்புன பீஸு நெறைய விழும்."

"அதை ஒடச்சுப் போட்டுட வேண்டியதுதான?" இது சரசு.

"ஒடைக்க ஆளு இல்லீங்க அங்க. தப்புன பீஸு அதுவா போயி எங்க உக்கார முடியுமோ அங்க உக்காரும்."

கணவர் போர்டிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு கேட்டார், "என் ஒடம்புல இருக்கறது அந்த மாதிரி சுருங்குனதா?"

"தெரியாதுண்ணே. இங்க பாக்க வழி இல்ல. நம்ம பக்கம் அப்பிடி மாறுறது கொறைவு. அதையும் சொல்லிடறேன். ஆனா மாற வேண்டிய அவசியமே இல்லாம, இருக்கறபடியே இவங்களுக்கு வரலாம். கதவு இல்லாதவங்கன்னு இவங்களை நெனைக்கறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல."

"தெரியாது, தெரியாதுன்னே சொல்றீங்களே சார்."

"தெரியாததைத் தெரியும்னு சொன்னா அண்ணி கையில இருக்கற தொட்டிலைக் கட்டறதுல நானும் சேந்து கை வெச்ச மாதிரிண்ணே."

அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. சரசு தொட்டிலை மேசைமேல் வைத்துவிட்டார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணவர் எதிரில் உட்கார்ந்தார். அதன் பிறகு நான் பேசவில்லை. குழந்தை வேண்டும் என்ற ஆசை தப்பில்லை என்று அக்கா சொன்னார். மருந்து தொடங்கும் நாள் வரும், வைரஸ் அடங்கிய பிறகு டாக்டரிடம் இதை நேராகக் கேட்போம், அதுவரைக்கும் ஆணுறை இல்லாமல் ஒரு தடவைகூடக் கூடாது என்றார். சரசு சொன்ன அந்த ஒரு தடவைக்கு மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை என்றார். பேசுவது அக்காவின் வேலை என்று ஏன் சொன்னேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். நான் உண்மையைச் சொன்னேன். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பலத்தைக் கொடுத்தவர் அவர்.

கணவர் எழுந்தார். சந்தனம் வியர்வையில் வழிந்து கன்னத்தில் கோடாக இறங்கியது. தொட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் திறந்திருந்தது. வேப்ப மரத்தடியில் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"அம்மா, இது இந்த வருசம் வேணாம்."

"என்னாடா வேணாம்? மொட்டை போட்டாச்சு, தொட்டில் வேணாமா? அவ எதுனா சொன்னாளா?"

"அவளை ஒண்ணும் சொல்லாத. கொறை எங்கிட்டதான். டாக்டரு பாத்துட்டாரு."

"ஆம்பளைக்கு என்னாடா கொறை?"

"எனக்கு இருக்குதும்மா. இனிமே அவளைக் கேக்காத. என்னைக் கேளு."

கிழவி பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எச்.ஐ.வி. என்ற சொல்லை மகன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அது அவருடைய விஷயம். ஆனால் இத்தனை வருடம் சரசுவின் தலைமேல் இருந்ததை ஒரே நிமிடத்தில் தன் மொட்டைத் தலைக்கு மாற்றிக்கொண்டார். இதை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பொய் சொல்லியிருந்தா மாமியா முன்னாடி அவ மட்டும் நின்னுருப்பா. இந்த ஆளு அவளுக்காக நின்னுருக்க மாட்டாரு. சரி, விடு. அடுத்த தடவையும் இப்பிடியே நடக்கும்னு நெனைக்காத எம்மெஸ்ஸி."

நினைக்கவில்லை. மூன்று மாதம் சும்மாவா? மேசைமேல் இருந்த நாள்காட்டியைத் திருப்பி வைத்தேன். திருப்பி வைத்ததைத் திரும்பவும் திருப்பிப் பார்த்தேன். வீட்டில் அம்மா ஸ்பாஞ்சை நனைத்துப் பிழியும் சத்தம்கூட எனக்குக் கிட்டில் சொட்டு விழுவது போலக் கேட்டது. நான் சொன்ன வரிசை சரிதானா? வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாமா? அந்த ஒரு தடவையில் ஏதாவது நடந்திருந்தால், நான் சரியாகப் பேசியதால் யாருக்கு என்ன லாபம்? சரசு இடையில் ஒருமுறை வந்து ஆணுறை வாங்கிப் போனார். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. புதிதாகத் தொற்றினால் வரும் காய்ச்சல் இருந்ததா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அக்கா கண்ணைக் காட்டினார், விழுங்கிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. கத்திரி வெயில். சரசு கையை நீட்டினார். நான் எத்தனையோ பேருக்கு எடுத்த கைதான், அன்றைக்கு நரம்பு தட்டுப்படவே இல்லை.

"என்னா சார், எனக்கு நரம்பும் இல்லியா?" என்றார்.

எடுத்தேன். சீரம் பிரித்தேன். கிட்டில் விட்டேன். முதல் புள்ளி, கிட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் புள்ளி, சிவப்பாக ஏறியது. அதன் பக்கத்தில் இன்னொன்று வரக் கூடாது. வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் தெரிய வரும். பார்க்கப் பார்க்க இல்லாத புள்ளி இருப்பது போலத் தோன்றும். அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதாண்டா, போய்ச் சொல்லலாம் வா" என்றார்.

முடிவைச் சொல்வது அக்கா. நான் பக்கத்தில் நின்றேன். சரசு கேட்டுக்கொண்டார். அழவில்லை. முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்குக் கதவு இல்லைன்னு வெச்சுக்கலாமா சார்?"

எல்லாம் திரும்ப முதலிலிருந்தா? வேப்ப மரம், தொட்டில், மொட்டை, மூன்று மாதம், எல்லாம்? "சரசு, நான் அன்னிக்கே என்ன சொன்னேன்" என்று நான் திக்கித் திணறியபோது அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அக்காவும் சேர்ந்துகொண்டார்.

"சும்மா கேட்டேன் சார். மூஞ்சியைப் பாரு. எம்புட்டுப் படிச்சு என்னா, இதுக்கே இப்பிடிப் பயந்துக்கறீங்களே."

அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் நல்ல முடிவோடு எழுந்து போகும்போது, அந்த முடிவை அவர் என்னவாக எடுத்துக்கொண்டு போகிறார் என்பது நமக்குத் தெரியாது. வைரஸ் மட்டும் மாறுவதில்லை. நாம் சொன்ன சொல்லும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் சுருங்கி, நாம் நினைக்காத இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கேள்வி கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்: நான் சொன்னதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், சொல்லுங்கள்.

நான் கேட்பதற்குள் சரசு எழுந்துவிட்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அக்கா, அந்த ஒறைப் பெட்டியிலேருந்து ரெண்டு மாசத்துக்குச் சேத்துக் குடுத்துடுங்க. நடவு வந்துடுச்சுன்னா நல்லூர்லேருந்து பஸ்ஸு ஏற முடியாது. அவரும் கேட்டாரு."